ஈரத்தை வென்ற இசக்கிமுத்து அண்ணாச்சி

கைபேசி அடித்தபோது என் முன்னால் ஒரு குழந்தை துணியில்லாமல் மல்லாக்கப் படுத்திருந்தது. காலை வேளை. பெற்றோர்கள் வேலைக்குப் போகிற அவசரத்தில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம். திரையில் கனகாவின் பெயரைப் பார்த்தேன். கனகா, அண்ணாச்சியின் மகள். குழந்தைக்குத் துடைத்து, துணி கட்டி, பாயில் விட்ட பிறகுதான் எடுத்தேன்.

"டீச்சர், அப்பா போயிட்டாங்க" என்றாள்.

எங்கே போய்விட்டார் என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். சிவகிரியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனவர், காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சைப் பிடித்திருக்கிறார். வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

குத்துக்கல்வலசையில் எங்கள் குழந்தைகள் காப்பகத்தைத் தெரிந்தவர்களுக்கு ஹவில்தார் இசக்கிமுத்துவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்களில் பலருடைய பிள்ளைகள் அவர் மடியில் கிடந்து வளர்ந்தவர்கள். ஆனாலும் அவர் யார், என்ன செய்தார் என்று ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. பெரிய காரியங்களைச் செய்தவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றால், இவர் செய்ததும் பெரிய காரியம்தான். எத்தனையோ குழந்தைகளை எரிச்சலில்லாமல் தூங்க வைத்தார்.

வடகரையில் நெல்லும் தென்னையும் வைத்திருந்த குடும்பம். பள்ளி முடித்ததும் பட்டாளத்தில் சேர்ந்தார். அங்கே மருத்துவப் பிரிவில் நர்சிங் உதவியாளர் வேலை. மழை விடாத வடகிழக்கு மலைகளில் வருடக்கணக்காக இருந்தவர். சண்டையில் பட்ட காயத்தைவிட ஈரத்தில் வெந்த கால்களைத்தான் அதிகம் பார்த்ததாகச் சொல்லுவார். கனகா பிறந்தபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஊருக்கு வந்தபோது அவள் நடந்து வந்து, இவரைப் பார்த்துப் பயந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாளாம். "பிள்ளைக்கு ஒரு நாள் கால் கழுவிவிடக் குடுத்து வைக்கல டீச்சர்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கும்.

ஓய்வு பெற்று குத்துக்கல்வலசையில் குடியேறிய பிறகு கனகாவுக்கு மகன் பிறந்தான். அவளுக்கு அப்போது தென்காசியில் வங்கி வேலை. பேறுகால லீவு முடிகிற நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, "நான் பாத்துக்கிடுதேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள். அவர் பார்த்துக்கொண்டார். அடுத்த தெருவில் ஒரு குழந்தை, அதற்கடுத்த தெருவில் இரட்டைக் குழந்தைகள் என்று சேர்ந்தபோதுதான் என்னைக் கூப்பிட்டார். நான் வேலை பார்த்த நர்சரிப் பள்ளியை அந்த வருடம்தான் மூடியிருந்தார்கள். "நீங்க பாட்டு, விளையாட்டு எல்லாம் பாத்துக்கிடுங்க. துணி மாத்துத டிபார்ட்மெண்ட் எனக்கு" என்று வேலையைப் பிரித்தார்.

ஆரம்பத்தில் எங்களுக்குள் சண்டை வந்தது உண்மை. விசில் ஊதி, ஒரே நேரத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் துணி மாற்ற வேண்டும் என்பது அவர் திட்டம். "அண்ணாச்சி, பிள்ளையள் விசிலுக்கு மூத்திரம் போகாது" என்றேன். பட்டாளத்தில் எல்லாம் நேரப்படிதான் நடக்கும் என்று முறைத்தார். விசில் ஊதினார். தூங்கிக்கொண்டிருந்தவை எல்லாம் எழுந்து அழுதன. விசிலை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டு, அன்றிலிருந்து ஒவ்வொரு குழந்தையாகத் தொட்டுப் பார்த்து நனைந்ததும் மாற்ற ஆரம்பித்தார். தோற்றுப்போனதை அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்ட ஆண்பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஊர் சும்மா இருக்குமா? ஒருநாள் டீக்கடையில் நானும் நிற்கும்போதே ஒருவர் கேட்டார். "என்ன அண்ணாச்சி, துப்பாக்கி பிடிச்ச கை இப்போ பிள்ளையளுக்குக் கழுவி விடுதாம்லா?"

அண்ணாச்சி டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நான் துப்பாக்கியவிடப் புண்ணைத்தாம்லே அதிகம் தொட்டிருக்கேன். கர்னலுக்கு வந்தாலும் புண்ணுதான், கைப்பிள்ளைக்கு வந்தாலும் புண்ணுதான். கர்னலாவது வாய் திறந்து சொல்லிருவாரு."

கேட்டவர் சிரித்துவிட்டார். பின்னாளில் அவர் வீட்டுக் குழந்தையும் எங்களிடம்தான் வந்தது.

அவர் செய்ததில் ரகசியம் ஒன்றுமில்லை. கேட்ட எல்லோருக்கும் சொன்னார். வெதுவெதுப்பான தண்ணீர். பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து வைத்த மெல்லிய துண்டுகள். பெண் குழந்தை என்றால் முன்னாலிருந்து பின்னால்தான் துடைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். அதன் பிறகு உடனே எதையும் மாட்டாமல் கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட வேண்டும். இதற்கு அவர் வைத்த பெயர் 'காத்து பரேடு.' மேற்கு ஜன்னலுக்குக் கீழே ரப்பர் விரிப்பு, அதன்மேல் பருத்தித் துணி, அதன்மேல் வரிசையாகக் குழந்தைகள், ஒன்றின் இடுப்பிலும் ஒரு நூல் கிடையாது. மலைக்காற்று வந்து அவற்றின் பின்பக்கத்தைத் தடவிவிட்டுப் போகும். யாராவது உயர் அதிகாரி பார்வையிட வந்ததுபோல் அண்ணாச்சி முன்னால் நடப்பார். தோல் நன்றாகக் காய்ந்த பிறகு உருக்கு வெளிச்செண்ணெயை விரல் நுனியால் லேசாகத் தடவுவார். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெய் அது. செங்கோட்டைப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். வடகரையில் அவர் தங்கை காய்ச்சிக் கொடுத்துவிடுவாள்.

பவுடர் வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. ஒரு தாய் பையில் வைத்து அனுப்பிய டப்பாவைத் திருப்பிக் கொடுத்து, "ஈரத்துல மாவைக் கொட்டினா கொழுக்கட்டைதாம்மா வரும்" என்றார். மணக்கிற ஈரத்தாள்களைக் கண்டால், "பிள்ளை என்ன கல்யாணத்துக்கா போகுது, சென்ட் அடிக்க?" என்பார். ஆனால் டயப்பரை அவர் வெறுத்ததில்லை. அதை நிறையப் பேர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "டயப்பர் மேல ஒரு குத்தமும் இல்ல டீச்சர். மாட்டிட்டு மறந்து போயிருதோம் பாத்தியளா, அதான் குத்தம்" என்பது அவர் வாக்கு.

எங்களுக்கு உண்மையான சோதனை சீசனில்தான் வந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் ஊருக்கே கொண்டாட்டம். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது திண்டாட்டம். சாரலும் மேகமுமாக இருக்கிற நாட்களில் கொடியில் போட்ட துணி சாயங்காலமும் சில்லென்றே கிடக்கும். துணி காயாததால் வீடுகளில் காலையும் மாலையும் டயப்பரிலேயே விட்டுவிடுவார்கள். முதல் சீசனில் எங்கள் குழந்தைகளில் பலருக்கும் தொடை இடுக்குகள் சிவந்துவிட்டன. பெற்றோர் முகத்தில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்றிரண்டு பேர் நின்றும் போனார்கள்.

அண்ணாச்சி மாடியிலிருந்த தகரக் கூரை அறையைக் காலி செய்தார். கயிறுகளை உயரத்தில் இழுத்துக் கட்டி, ஒரு மூலையில் மின்விசிறி வைத்தார். மத்தியானம் குழந்தைகள் தூங்கும்போது ஒவ்வொரு துண்டையும் இஸ்திரி போட்டார். சீருடைக்குப் போடுகிற மடிப்பு. போட்டு முடித்ததும் துண்டைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். "கை ஏமாத்தும் டீச்சர். கன்னம் ஏமாத்தாது. உள்ள ஈரம் இருந்தா கன்னத்துல குளிரும்" என்பார். குளிர்ந்தால் மறுபடியும் கயிற்றுக்கு. சாரல் நிற்பதற்கு முன்பே எங்கள் காத்து பரேடில் ஒரு சிவப்புகூட மிஞ்சவில்லை. நின்றுபோனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரு வார்த்தை கேட்காமல் குழந்தைகளை வாங்கிக்கொண்டார்.

யாழினியின் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. இங்கேயும் சொல்லாமல் விட முடியாது.

யாழினியின் தாய் அருள்செல்வி, தென்காசியில் காவலர். கணவர் துரைப்பாண்டி பட்டாளத்தில், எல்லையில். வாடகை வீட்டில் குழந்தையோடு தனியாக இருந்தாள். ஒரு சீசனில் அவளுக்கு அருவியில் பந்தோபஸ்து. அந்தச் சமயம் பார்த்துக் குழந்தைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தது. மற்றக் குழந்தைகளுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று அவளே எங்களிடம் அனுப்பாமல் பக்கத்து வீட்டில் விட்டுப் போனாள். அவர்கள் நல்ல மனிதர்கள்தான். ஆனால் போய்க்கொண்டே இருக்கிற குழந்தைக்கு எத்தனை தடவை மாற்ற முடியும் என்று டயப்பரோடு விட்டுவிட்டார்கள். சிவந்தபோது பவுடரை அள்ளிப் போட்டார்கள். லீவில் வந்து இறங்கிய துரைப்பாண்டி, மகளை முதன்முதலாகத் தூக்கிய அன்று பார்த்தது அந்தப் புண்ணைத்தான்.

மறுநாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். பின்னால் சீருடையில் அருள்செல்வி.

"யாருங்க இங்கன இன்சார்ஜ்? பிள்ளை உடம்பைப் பாத்தியளா? இதுக்குத்தான் இங்கன கொண்டாந்து விடுதோமா?"

"இவிய ஒண்ணும் செய்யல. கொஞ்ச நாளா நான் பிள்ளைய இங்கன விடவே இல்ல. சொன்னேம்லா" என்றாள் அருள்செல்வி.

"அப்போ உன் வேலைதான் காரணம். ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வீட்ல இரி."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. "குடுத்துருதேன். பிள்ளைக்குச் சரியானாப் போதும்" என்றாள். அந்த வேலைக்காக அவள் வடகரைப் பக்கம் வயல் வரப்பில் ஓடி ஓடிப் பயிற்சி எடுத்ததை எங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

அண்ணாச்சி குழந்தையை வாங்கி, விலக்கிப் பார்த்தார். தோல் உரிந்து பச்சையாக இருந்தது. குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. அவர் துரைப்பாண்டியைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்.

"தம்பி, மழையில ஈர சாக்ஸோட ரோந்து போயிருக்கியா?"

துரைப்பாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. "போயிருக்கேன்."

"காலு என்னாச்சு?"

"விரல் இடுக்கெல்லாம் வெந்து போச்சு."

"உடனே வேலைய எழுதிக் குடுத்துட்டியோ?"

துரைப்பாண்டி மகளின் காலைப் பார்த்தார்.

"காய வச்சிருப்பே. மருந்து போட்டிருப்பாவ. மறுபடி நடந்திருப்பே. இவளும் ஈர சாக்ஸைப் போட்டுக்கிட்டுதாம்லே கெடக்கா. காய வைப்போம். உன் லீவு முடியதுக்குள்ள சரியாகலைன்னா நானே அருள்செல்விகூடப் போயி எழுதிக் குடுக்கச் சொல்லுதேன்." கொஞ்சம் நிறுத்தி, "லீவுல சும்மாதான இருக்கே? நாளைக்குக் காலைல இருந்து இங்கன டூட்டிக்கு வந்துரு" என்றார்.

முன்னாள் ஹவில்தாரின் குரலுக்கு இந்நாள் சிப்பாய் பணிந்தார். மறுநாள் வந்துவிட்டார்.

முதலில் துடைப்பதையே நிறுத்தினோம். பெரிய பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, குவளையால் மெல்ல ஊற்றிக் கழுவினோம். ஒட்டியிருந்ததை எண்ணெய் தொட்ட பஞ்சால் ஊற வைத்து எடுத்தோம். தண்ணீர் பட்டதும் யாழினி துடித்தாள். துரைப்பாண்டி குவளையைக் கீழே வைத்தார். "என்னால முடியல அண்ணாச்சி, நீங்க செய்யுங்க" என்றார். "உன் கையத்தாம்லே அவ பழகணும். ஊத்து" என்றார் அண்ணாச்சி. காலையில் பெரும்பகுதி நேரம் குழந்தை காற்றில்தான் கிடந்தது. நனைந்த நிமிஷமே விரிப்பை மாற்றினோம். தகப்பன் மாடிக்கும் கீழுக்குமாக ஓடினார். இஸ்திரி போட்டார். துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

உரிந்த இடங்கள் மூடத் தொடங்கின. குழந்தை தூங்கத் தொடங்கினாள். எல்லோரும் சந்தோஷமாக இருந்தபோது அண்ணாச்சி மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடை மடிப்புகளில் சிவப்பு குறையவில்லை. அதைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

"இது நம்ம எண்ணெய்க்கு அடங்காது. காளான் தொத்து மாதிரி இருக்கு. டாக்டரம்மாட்ட போவோம்" என்றார்.

"எல்லாம் இயற்கையாத்தான் பாப்பீயன்னு சொன்னாவ?" என்றார் துரைப்பாண்டி.

"மருந்து வேணுங்கிற இடத்துல மருந்து போடுததும் இயற்கைதான். வீம்பு பிடிச்சா பிள்ளைக்குத்தாம்லே எரியும்."

தென்காசியில் குழந்தை மருத்துவரிடம் நாங்கள் மூவரும் போனோம். அவர் பார்த்துவிட்டு, அது பூஞ்சைத் தொற்றுதான் என்று உறுதி செய்து ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அது ஆறும்வரை அந்த இடத்தில் எண்ணெய் வேண்டாம் என்றார். மற்றத் தோலைத் தொட்டுப் பார்த்து, "இவ்வளவு நல்லா காஞ்சு வருதே, செய்யிறத அப்படியே செய்யுங்க" என்றும் சொன்னார். அண்ணாச்சி எத்தனை நாள் போட வேண்டும், சிவப்பு போன பிறகும் தொடர வேண்டுமா என்று துருவித் துருவிக் கேட்டுக்கொண்டார். அந்த மருத்துவருக்கு அவர்மேல் அன்றிலிருந்து தனி மதிப்பு. அண்ணாச்சிக்கும் மருத்துவர்மேல் அப்படித்தான். சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் அங்கே அனுப்பிவிடுவார்.

லீவு முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. ஒரு காலையில் துரைப்பாண்டி தனியாகவே மகளுக்குக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் அழவில்லை. காலைத் தூக்கி அப்பாவின் மூக்கில் ஓர் உதை விட்டுவிட்டுச் சிரித்தாள். அவர் அவளைத் திருப்பிப் பார்த்தார். மடிப்பு, இடுக்கு எல்லாம் பார்த்தார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சியும் வந்து பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினார்.

துரைப்பாண்டி அங்கேயே நின்று அருள்செல்வியைக் கைபேசியில் அழைத்தார். அவள் அருவியில் பணியில் இருந்தாள். தண்ணீர் விழுகிற இரைச்சல் எங்களுக்கே கேட்டது.

"ஏட்டி, சரியாப் போச்சு."

"என்ன? கேக்கல."

"பிள்ளைக்குச் சரியாப் போச்சு. நீ வேலைய விடாண்டாம்."

"ஒண்ணுமே கேக்கலங்க, சத்தமாச் சொல்லுங்க."

"வேலைய விடாண்டாம்ட்டீ" என்று அவர் அலறிய அலறலில் காப்பகத்தில் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை குழந்தைகளும் எழுந்து அழுதன. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அண்ணாச்சி சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். வயிறு குலுங்க அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அருள்செல்வி பின்னால் சொன்னாள், லத்தியோடு கூட்டத்தின் நடுவில் நின்று அழுதாளாம். அங்கே எல்லோர் முகமும் நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லையாம்.

அதன் பிறகு நடந்ததை நாங்கள் யாரும் திட்டமிடவில்லை. துரைப்பாண்டி பட்டாளத்துக்குத் திரும்பிப் போய்ச் சும்மா இருக்கவில்லை. இந்தப் பக்கத்துப் பையன்கள் யாருக்குக் குழந்தை பிறந்தாலும், லீவில் போனால் குத்துக்கல்வலசையில் போய் நில்லு என்று சொல்லி அனுப்பினார். மீசை வைத்த தகப்பன்மார் வந்து நின்றார்கள். போலீஸ்காரர்கள் வந்தார்கள். கடைக்காரர்கள் வந்தார்கள். தேய்க்காமல் ஒற்றி எடுக்கக் கற்றுக்கொண்டு போனார்கள். அண்ணாச்சி அவர்களை நிற்க வைத்துப் பாடம் நடத்தியதில்லை. தாமே மாற்றிக்கொண்டிருப்பார். பார்த்துக்கொண்டு நிற்பவன் கையில் நடுவில் குழந்தையைக் கொடுத்துவிட்டு, "பிடிலே, டீ குடிச்சிட்டு வாரேன்" என்று போய்விடுவார்.

அவர் உடலைச் சொந்த ஊரான வடகரைக்குக் கொண்டுவந்தபோது தெருவில் இடமில்லை. பெண்கள் கூட்டம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆண்கள் வந்திருந்தார்கள், அதுவும் பாதிப் பேர் தோளில் குழந்தையோடு. அருள்செல்வி இப்போது உதவி ஆய்வாளர். பணியிலிருந்து நேராகச் சீருடையில் வந்து, கூட்டத்தை விலக்கி முன்னால் போய், விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு லீவில் வந்திருந்த சிப்பாய்கள் எல்லோரும் வைத்தார்கள். பக்கத்தில் நின்ற யாழினி ஜடை போட்டுப் பள்ளிக்கூடம் போகிற பெண். அம்மாவைப் பார்த்து அவளும் வைத்தாள். கனகா அதுவரை அழுதுகொண்டிருந்தாள். அப்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

காப்பகம் நடக்குமா என்று எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். காரியம் முடிந்த மறுநாள் திறந்தேன். இந்த வருடச் சீசன் தொடங்கியிருந்தது. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நான் போவதற்கு முன்பே வாசலில் இரண்டு தகப்பன்மார் நின்றார்கள். ஒருவர் மாடிக்கு இஸ்திரி போடப் போய்விட்டார். மற்றவர் தண்ணீரைச் சூடாக்கினார்.

அவரிடமிருந்து நான் என்ன வைத்துக்கொண்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். வெதுவெதுப்பான தண்ணீரும் எண்ணெயும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் வைத்துக்கொண்டது வேறு. எந்தக் குழந்தையையும் தொடுவதற்கு முன் அண்ணாச்சி அதனிடம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லுவார். பேச்சு வராத குழந்தையிடமும், பிறந்து கண் சரியாகத் திறக்காத குழந்தையிடமும் சொல்லுவார். பதில் வரும் என்பதுபோல் ஒரு நொடி நிற்பார். அதன் பிறகுதான் கை வைப்பார்.

அன்று காலை புதிதாக வந்திருந்த ஒரு பையனைத் துணி விலக்கிப் படுக்க வைத்தேன். என்னை முறைத்துப் பார்த்தான்.

"ராசா, இப்போ தண்ணி ஊத்தப் போறேன். சூடு பாத்துட்டேன், சரியா இருக்கு" என்றேன்.

ஒரு நொடி நின்றேன். அவன் காலை உதைத்தான். சரி என்று எடுத்துக்கொண்டு ஊற்றினேன்.